குடித்துவிட்டு வண்டி ஓட்டுதல்: சட்டம் காணும் வேறுபாடுகள்

'குடித்துவிட்டு வண்டி ஓட்டினான்; வழக்குப் போட்டுவிட்டார்கள்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். என்ன வழக்கு என்று கேட்பவர் குறைவு. அருந்திய மதுவின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், ஒருவனுக்கு அபராதத்தோடு முடியலாம்; மற்றொருவனுக்குப் பத்தாண்டுச் சிறை வரை நீளலாம். இந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை இங்கே காண்போம்.

முதலாவது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது இருந்து, அந்நிலையில் வண்டியை ஓட்டினாலோ ஓட்ட முயன்றாலோ குற்றம். வண்டி தள்ளாடியதா, எவர்மீதேனும் மோதியதா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை. 'நான் நிதானமாகத்தான் ஓட்டினேன்' என்பது உண்மையாகவே இருந்தாலும் பயனில்லை, எண் பேசிவிடுகிறது. போதைமருந்து உட்கொண்டவனுக்கோ அதே பிரிவு அளவு எதையும் குறிக்கவில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் அவன் இருந்தான் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கருவியில் ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர் உண்டு. தக்க காரணமின்றி மறுத்தால் அம்மறுப்பே அவருக்கு எதிரான சான்றுக்கு வலுச் சேர்க்கலாம் என்கிறது 205ஆம் பிரிவு.

உயிர் போய்விட்டால் வழக்கின் தன்மையே மாறிவிடுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இரு வழிகள் இருந்தன. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 304-ஏ பிரிவு. இரண்டாண்டு வரை சிறை. மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே செய்திருந்தால் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, பத்தாண்டு வரை. 'அறிந்து' என்ற அந்த ஒரு சொல்தான் இரண்டுக்கும் இடையே நிற்கும் சுவர்.

மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலை வழக்கு இதை நன்கு விளக்கும். 2006 நவம்பர் 12 அதிகாலையில், நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்மீது கார் ஏறியது. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். விசாரணை நீதிமன்றம் இதைக் கவனக்குறைவு என்று கொண்டு ஆறு மாதச் சிறை விதித்தது. ஏழு உயிருக்கு ஆறு மாதம்! உயர்நீதிமன்றம் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்றாண்டு ஆக்கியது. 2012இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்பகுதியிலேயே வசித்த ஒருவருக்கு அங்கே தொழிலாளர் உறங்குவது தெரியும். தெரிந்தும் குடித்துவிட்டு அத்தனை வேகத்தில் ஓட்டியிருக்கிறார் என்பதே முடிவுக்கு அடிப்படை.

1999இல் தில்லி லோதி காலனியில் ஆறு பேரைப் பலிகொண்ட வழக்கிலும் இதே இழுபறிதான். விசாரணை நீதிமன்றம் கடுமையான பிரிவைக் கொண்டது, உயர்நீதிமன்றம் இறக்கியது, 2012இல் உச்சநீதிமன்றம் மீண்டும் ஏற்றியது. ஆயினும் அனுபவித்த சிறைக்காலமே போதுமென்று கூறி, 50 லட்சம் ரூபாயும் இரண்டாண்டுச் சமூகப்பணியும் விதித்தது. குற்றத்தின் பெயர் பெரிதாகியும் சிறைவாசம் நீளவில்லை என்பது என் போன்றோருக்கு நெருடலாகவே இருக்கிறது.

'போதையில் இருந்தவனுக்கு அறிவு ஏது?' என்று மாணவர் கேட்கலாம், நல்ல கேள்வி. தானாகக் குடித்தவனுக்கு, தெளிவாக இருந்தால் எந்த அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 86ஆம் பிரிவு அன்றே வகுத்துவிட்டது. பிறர் அவன் அறியாமலோ வலுக்கட்டாயமாகவோ புகட்டியிருந்தால் கதை வேறு.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் கவனக்குறைவுக்கு 106ஆம் பிரிவு. உச்சத் தண்டனை பொதுவாக ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது. அறிந்து செய்ததற்கு 105ஆம் பிரிவு. அந்நாளுக்கு முன் நடந்தவை பழைய சட்டப்படியே விசாரிக்கப்படும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 188ஆம் பிரிவை மட்டும் நம் மாணவர் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். குடித்தவனை வண்டி ஓட்டத் தூண்டியவனுக்கும் ஓட்டியவனுக்குரிய அதே தண்டனை உண்டு. 'எடுடா வண்டியை, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பின்னால் ஏறி உட்காரும் நண்பனும் இதில் அகப்படலாம்.