வைஃபை பெட்டிக்குள் ஒரு பூட்டு

மாணவர்களே, உங்கள் வீட்டில் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் வைஃபை ரௌட்டரைப் பாருங்கள். அதுவும் ஒரு சிறு கணினிதான். செயலி, நினைவகம், வானொலி அலைகளை அனுப்பிப் பெறும் சில்லு ஆகியவை அதில் உள்ளன. அந்தச் சில்லை வேலை வாங்கும் நிரலை டிரைவர் என்பார்கள்; நாம் ‘இயக்கி’ என்போம்.

இயக்கியின் வேலை

சில்லுக்குள் ‘ரெஜிஸ்டர்’ எனப்படும் சிறு சேமிப்பிடங்கள் உள்ளன. எந்த ரெஜிஸ்டரில் எந்த எண்ணை எழுதினால் அலைவரிசை மாறும், எதை எழுதினால் அலையின் சக்தி கூடும் என்பது இயக்கிக்குத் தெரியும். இயங்குதளம் “இந்தத் தரவை அனுப்பு” என்றால், இயக்கி அதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும்.

கைப்பேசி, வைஃபையில் இணைந்தால் போதும். ரௌட்டரோ அணுகுபுள்ளியாகவும் செயல்பட வேண்டும். “நான் இங்கே இருக்கிறேன்” என்ற அறிவிப்பை அது வினாடிக்கு ஏறத்தாழ 10 முறை வெளியிடுகிறது. மின்கலனை மிச்சப்படுத்த உறங்கும் கைப்பேசிக்கு வரும் தரவை, அது விழிக்கும்வரை சேர்த்து வைக்கிறது. ஆகவே அதன் இயக்கிக்கு வேலை அதிகம்.

திறந்தும் திறக்காத பெட்டி

2002ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டரை வெளியிட்டது. உள்ளே இருந்தது பிராட்காம் சில்லு; ஓடியது லினக்ஸ். லினக்ஸை மாற்றியமைத்து விற்பவர்கள் அதன் மூல நிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. ஆர்வலர்கள் இதைச் சுட்டிக்காட்டியதால் 2003இல் மூல நிரல் வெளியானது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது.

ஆனால், வைஃபை இயக்கி மட்டும் பூட்டியே கிடந்தது. அது இயந்திர மொழியில் மட்டுமே கிடைத்தது. லினக்ஸ் கெர்னல் 2.4க்காக உருவான அந்த இயக்கி, அடுத்த பதிப்பான 2.6இல் வேலை செய்யவில்லை. மற்ற எல்லாவற்றையும் புதுப்பிக்க முடிந்தாலும், வைஃபை வேண்டுமென்றால் பழைய கெர்னலிலேயே நிற்க வேண்டிய நிலை.

இரு குழுக்கள், ஒரு விதி

தன்னார்வலர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தனர். முதல் குழு, நிறுவனத்தின் இயக்கியை ஆராய்ந்து, சில்லு எப்படிச் செயல்படுகிறது என்பதை விளக்கக் குறிப்பாக எழுதியது. இரண்டாம் குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிய நிரலை எழுதியது. ஏன் இந்தப் பிரிவு? பதிப்புரிமை, எழுதப்பட்ட நிரலுக்கு உரியது; சில்லு செயல்படும் விதத்துக்கு அல்ல. தாங்கள் நகலெடுக்கவில்லை என்பதைக் காட்டவே இந்த விதி.

புதிய இயக்கியின் முதல் வடிவம் 2006இல் லினக்ஸ் 2.6.17இல் சேர்ந்தது. அணுகுபுள்ளியாகச் செயல்படும் திறன், அதன் வழிவந்த பி43 இயக்கியில் படிப்படியாக வளர்ந்தது. ஏதெரோஸ் என்ற சில்லு நிறுவனமோ 2008இல் ஏடிஎச்9கே இயக்கியின் மூல நிரலைத் தானே வெளியிட்டது. 2010இல் பிராட்காமும் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கு அவ்வாறே செய்தது.

நமக்கு என்ன?

2017இல் வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில் ‘கிராக்’ என்ற குறைபாடு இருப்பது வெளியானது. திறந்த மூல ரௌட்டர் மென்பொருள்களுக்குச் சில நாள்களிலேயே திருத்தம் கிடைத்தது. தயாரிப்பாளரே கைவிட்ட மூடிய பெட்டிகளுக்குத் திருத்தம் எழுத யாரும் இல்லை. வன்பொருள் நன்றாக இருந்தும் அவை பாதுகாப்பற்றவை ஆகின்றன, முடிவில் மின்கழிவாகின்றன.

ஆகவே, ஒரு ரௌட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் சில்லு மட்டுமல்ல. அந்தச் சில்லின் இயக்கியை யாரால் திருத்த முடியும் என்பதும்தான்.

சிந்தித்து எழுதுங்கள்

1. இரண்டாம் குழு நிறுவனத்தின் இயக்கியைப் பார்த்திருந்தால் என்ன சிக்கல் எழுந்திருக்கும்?
2. உங்கள் வீட்டு ரௌட்டரின் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? பெற்றோருடன் சேர்ந்து அதன் அமைப்புப் பக்கத்தில் கண்டறியுங்கள்.