மணலில் விளையும் பயிர்கள்

இராஜஸ்தானின் மேற்கே தார்ப் பாலைவனம் பரந்து கிடக்கிறது. அங்கு மழை குறைவு; கிணறு தோண்டினாலும் பல ஊர்களில் உவர்நீரே ஊறுகிறது. ஆயினும், மக்கள் பன்னெடுங்காலமாக அங்கு உழுது வாழ்கின்றனர். நிலத்திற்கேற்ற பயிரைத் தேர்ந்தமையே அதற்குக் காரணம்.

மழை பெய்தவுடன் விதைக்கப்படும் கம்பு, ஏறத்தாழ மூன்று திங்களில் கதிர் முற்றிவிடும். இலந்தை கோடையில் இலைகளை உதிர்த்து நீரைக் காக்கும். குளிர்காலத்தில் கனி தரும். அம்மக்கள் ‘கேஜ்ரி’ என்று போற்றும் மரம், தமிழ்நாட்டுக் கோயில்களில் தலமரமாக விளங்கும் வன்னியே ஆகும். அதன் வேர் ஆழத்து நீரை நாடிச் செல்லும். இலை கால்நடைக்குத் தீவனம்; இளங்காய் மனிதருக்குக் கறி. அதன் நிழலில் கம்பும் செழித்து வளரும்.

வறட்சியினும் கொடியது உப்பு. மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஈரம் இருந்தும் பயிர் வாடும். உகா மரம் அத்தகைய உவர்நிலத்திலும் தழைக்கும். வாற்கோதுமையும் பேரீச்சையும் உப்பைப் பெரிதும் தாங்க வல்லவை.

பஞ்சாபிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் பாலையின் ஒரு பகுதியைப் பசுமையாக்கியது. ஆனால், சில இடங்களில் நீரை அளவின்றிப் பாய்ச்சியதால் நிலத்தடி நீர் மேலெழுந்தது; உப்பும் உடன் எழுந்தது. நீர் ஆவியாகிவிட, உப்பு வெண்படலமாக எஞ்சியது. நீருக்கு ஏங்கிய நிலம் நீராலேயே கெட்டது. நீர் மிகுந்து வேண்டும் பயிர்களைப் பாலையில் வளர்ப்பதன் இடர் இதனால் விளங்கும்.

ஜோத்பூரில் 1959ஆம் ஆண்டு முதல் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம், வறட்சியைத் தாங்கும் பயிர்களையும் மரங்களையும் ஆராய்ந்து வருகிறது. முன்னோர் பட்டறிவும் இன்றைய அறிவியலும் அங்கு ஒன்றுசேர்கின்றன. நிலத்தின் இயல்பை அறிந்து பயிரிடுபவரே சிறந்த உழவர்.

அருஞ்சொற்பொருள்
உவர்நீர் – உப்புச்சுவை உடைய நீர்
தலமரம் – கோயிலுக்கு உரிய மரம்
வாற்கோதுமை – பார்லி
பட்டறிவு – அனுபவம்

கோடிட்ட இடத்தை நிரப்புக
1. கேஜ்ரி மரத்தின் தமிழ்ப்பெயர் ______.
2. கோடையில் இலை உதிர்க்கும் பழமரம் ______.

விடை எழுதுக
1. உவர்நிலத்தில் ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?
2. ‘நீருக்கு ஏங்கிய நிலம் நீராலேயே கெட்டது’ – விளக்குக.
3. நீ வாழும் ஊரில் விளையும் பயிர்கள் மூன்றின் தமிழ்ப்பெயர்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக.