எம்ஜிபி-க்கு எந்தக் கையேடு?

கேள்வி: 1967-இல் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். நானே பழுதுபார்க்க எந்தக் கையேடு நல்லது?

பதில்: முதலில் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள்; உங்கள் கார் எந்த மாடல் என்று அறிந்தால்தான் பொருத்தமான கையேட்டை வாங்க முடியும். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரானது. உங்கள் ஆண்டில்தான் பெரிய மாற்றம். அதுவரை பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருந்தது. 1967 இறுதியில் வந்த மார்க் 2 மாடலில் நெகட்டிவ் முனை இணைந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. வேறு மாடலின் வயரிங் படத்தை நம்பி பேட்டரியை மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் கருகிவிடும்!

இனி கையேடுகள். ஹெயின்ஸ் பதிப்பகத்தின் கையேடு, காரை முழுக்கப் பிரித்துப் பூட்டிப் பார்த்து எழுதியது. வீட்டில் வேலை செய்பவருக்கு அதுவே துணை. எஞ்சின், கியர்பாக்ஸைத் திறப்பதானால் கம்பெனியின் ஒர்க்‌ஷாப் மேனுவலும் அவசியம். பாகங்களின் கேட்டலாக்கையும் தேடுங்கள். எந்த வாஷர் எங்கே என்பதை அதன் படங்கள்தான் காட்டும்.