உள்ளீடு, முறைவழியாக்கம், வெளியீடு: ஒரு காரின் கணினியை முன்வைத்து



"உள்ளீடு, முறைவழியாக்கம், வெளியீடு என்பவற்றை உதாரணத்துடன் விளக்குக" என்ற வினாவைக் கண்டவுடன் விசைப்பலகை, மத்திய முறைவழியாக்க அலகு, அச்சுப்பொறி என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். அதில் பிழையில்லை. ஆனால் "இத்தொகுதியில் வழு எங்கே ஏற்பட்டிருக்கலாம்?" என்று கேட்டால் அந்த உதாரணம் கைகொடுக்காது. எனவே இப்பாடத்தில் காருக்குள் இருக்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். இயந்திரம் என்றதும் பயப்பட வேண்டாம். கலைப் பிரிவில் படித்த எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

பெற்றோல் முழுமையாகத் தகனமடைய 1 கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி தேவை. எவ்வளவு வளி உள்ளே வருகிறது என்பதை அறிந்து, அதற்கேற்ற பெற்றோலைத் தெளித்து, சரியான கணத்தில் தீப்பொறியைக் கொடுப்பதே இயந்திரக் கட்டுப்பாட்டு அலகின் வேலை. அமுக்கம், வெப்பநிலை, சுழற்சி வேகம் ஆகியவற்றை அளக்கும் உணரிகள் அதன் உள்ளீட்டுச் சாதனங்கள். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்ரரும் தீப்பொறிச் சுருளும் அதன் வெளியீட்டுச் சாதனங்கள்.

காரோடு வரும் அலகு அந்தக் காரின் இயந்திரத்துக்கென்றே அமைக்கப்பட்டது. வேகத்தைக் கூட்டுவதற்காக ரேர்போ பூட்டினால் பழைய கணக்கு பொருந்தாது. அப்போது அதைக் கழற்றிவிட்டு, நாமே அமைக்கக்கூடிய வேறு அலகைப் பூட்டுவார்கள். அமெரிக்காவில் புரூஸ் போலிங், அல் கிரிப்போ ஆகிய இருவரும் 2001இல் வெளியிட்ட "மெகாஸ்குவேர்ட்" இவ்வகையில் பெயர் பெற்றது. பாகங்களாக வாங்கி, வீட்டிலேயே ஈயப்பற்று வைத்துப் பொருத்தக்கூடியது. அதன் முதல் வடிவத்தில் இருந்தது 8 பிற் நுண்கட்டுப்படுத்தி மாத்திரமே. 1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்.5 காரின் 1.6 லீற்றர் இயந்திரத்தில் இதைப் பூட்டியவர்கள் பலர். நாமும் அந்தக் காரையே மனதில் வைத்துக்கொள்வோம்.

இனி முறைவழியாக்கம். அலகின் நினைவகத்தில் ஓர் அட்டவணை உண்டு. நீங்கள் படித்த விரிதாளைப் போன்றதுதான். நிரல்களில் இயந்திரத்தின் வேகம், நிரைகளில் உள்ளெடுப்புக் குழாயின் அமுக்கம். ஒவ்வொரு கலத்திலும் உள்ள எண், அந்த நிலையில் உருளை எவ்வளவு நிரம்புகிறது என்பதைச் சதவீதமாகக் காட்டும். ஆரம்ப அலகில் 8 × 8 = 64 கலங்கள்; பின்னர் வந்தவற்றில் 16 × 16 = 256 கலங்கள். ஒரே அமுக்கத்தில் 3000 சுற்றுக்கு 60, 4000 சுற்றுக்கு 68 என்று இருந்தால், 3500 சுற்றில் அலகு 64 என எடுத்துக்கொள்ளும். மடிகணினியை இணைத்து இந்த எண்களைத் திருத்துவதையே "ரியூன் செய்தல்" என்கிறார்கள்.

இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். கார் இழுக்கவில்லை, புகைக்கிறது என்றால் உடனே மடிகணினியைத் திறந்து கலங்களில் உள்ள எண்களை மாற்றுகிறார்கள். என் கருத்தில் அட்டவணையைத் தொடுவது கடைசி வேலை. முதலில் உள்ளீடுகள் உண்மை பேசுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. இரவு முழுவதும் ஓடாமல் நின்ற காரில் காலையில் சாவியை மட்டும் திருப்பினால், நீரின் வெப்பநிலையும் வளியின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நீர் உணரியின் வயர் கழன்றிருந்தால் அலகு கடுங்குளிர் என எண்ணிப் பெற்றோலை அள்ளிக் கொட்டும். அமுக்க உணரி, இயந்திரம் ஓடாதபோது வளிமண்டல அமுக்கத்தைக் காட்ட வேண்டும்: கொழும்பில் ஏறத்தாழ 100 கிலோபஸ்கால், நுவரெலியாவில் ஏறத்தாழ 80. (புவியியல் பாடத்தில் உயரம் கூட அமுக்கம் குறையும் என்று படித்தது ஞாபகம் வருகிறதா?) ஓடத் தொடங்கி, வேகமிதியை மிதிக்காமல் விட்டால் இந்த எண் நன்றாகக் குறைய வேண்டும். குறையாமல் 100இலேயே நின்றால், அமுக்கத்தைக் கொண்டுவரும் இறப்பர்க் குழாய் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

மிக ஆபத்தான வழு கண்ணுக்குத் தெரியாது. புகைபோக்கியில் உள்ள ஒட்சிசன் உணரி, வளிக்கும் எரிபொருளுக்கும் இடையிலான விகிதத்தை வோல்ற்றளவாக அனுப்பும். 0 வோல்ற்று என்றால் 10, 5 வோல்ற்று என்றால் 20 என்ற அளவுத்திட்டத்தைக் கொள்வோம். ஆகவே 1 வோல்ற்று என்பது விகிதத்தில் 2. இப்போது விஞ்ஞான பாடத்தின் ஓமின் விதியைக் கொண்டுவாருங்கள். அலகின் புவித்தொடுப்பு வயர் துருப்பிடித்து, அதன் தடை 0.1 ஓம் என்க. இன்ஜெக்ரர்களின் 5 அம்பியர் மின்னோட்டம் அதனூடாகச் சென்றால் 5 × 0.1 = 0.5 வோல்ற்று. அதாவது அலகின் "பூச்சியம்" அரை வோல்ற்று உயர்ந்துவிட்டது. வேறிடத்தில் சரியாகப் புவித்தொடுப்புச் செய்யப்பட்ட உணரி அனுப்பும் வோல்ற்றளவு அலகுக்கு 0.5 குறைவாகவே தெரியும். உண்மையான விகிதம் 12.5, திரையில் தெரிவது 11.5.

ரேர்போ முழு அமுக்கத்தில் வேலை செய்யும்போது பெற்றோல் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும். திரையில் 11.5ஐக் கண்டவர் போதுமென்று திருப்தியடைவார். சிலர் இன்னும் குறைக்கவும் செய்வார்கள். உருளைக்குள் வெப்பம் ஏறும், கலவை தானாக வெடித்துத் தட்டும் சத்தம் எழும், அப்படியே ஓட்டினால் முசலம் உருகித் துளை விழும். மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அட்டவணையிலும் இல்லை. பழுது ஒரு துண்டு வயரில்.

தீப்பொறியிலும் இதே ஒழுங்குதான். மென்பொருளில் 10 பாகை என்று நிலைப்படுத்தி, கப்பியில் உள்ள குறியை மின்னும் விளக்கால் பார்க்க வேண்டும். அங்கே 16 பாகை தெரிந்தால் அட்டவணையின் ஒவ்வொரு கலமும் 6 பாகை பொய் சொல்கிறது.

பயிற்சி

1. மேற்கூறிய காரில் இரண்டு உள்ளீட்டுச் சாதனங்களையும் இரண்டு வெளியீட்டுச் சாதனங்களையும் பெயரிடுக.

2. ஒரே அமுக்கத்தில் 2000 சுற்றுக்கு 50, 3000 சுற்றுக்கு 58 எனின், 2250 சுற்றில் அலகு எடுக்கும் பெறுமானம் யாது?

3. திரையில் விகிதம் 12.8 எனத் தெரிகிறது. புவித்தொடுப்பு வயரில் 0.2 வோல்ற்று இழப்பு இருப்பதாகப் பல்மானி காட்டுகிறது. உண்மையான விகிதத்தைக் கணித்து, நீங்கள் முதலில் செய்யும் வேலையைக் காரணத்துடன் எழுதுக.

விடைக் குறிப்பு: 2ஆம் வினாவுக்கு 52. 3ஆம் வினாவுக்கு 0.2 × 2 = 0.4, 12.8 + 0.4 = 13.2. "அட்டவணையில் பெற்றோலைக் கூட்டுவேன்" என்று எழுத வேண்டாம். வயரைத் துப்புரவாக்கி அல்லது மாற்றி, இயந்திரம் ஓடும்போதே மீண்டும் அளக்க வேண்டும். நிறுத்திவைத்து அளந்தால் மின்னோட்டம் செல்லாது, இழப்பும் தெரியாது.