கேட்டதும் கேள்விப்பட்டதும்: 2024-இன் ஆல்பங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் இசைப் பித்தர்களுக்கு ஒரே வேலைதான்: ஆண்டின் சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போடுவது, அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எரிச்சல்படுவது. பட்டியல்களைவிட அவற்றைச் சுற்றி நடக்கும் பேச்சுதான் எனக்கு வேடிக்கை. ஆல்பத்துக்கு மவுசு போய்விட்டது என்பார்கள். விருதுக் குழு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். செயலியில் கிடைக்காத பாட்டு இருந்தும் இல்லாததுதான் என்பார்கள். பெரும்பாலும் யாரோ சொன்னதை யாரோ திருப்பிச் சொல்வது. 2024-இல் வெளியானவற்றில் எனக்குப் பிடித்த ஆல்பங்களை வைத்தே இவற்றில் சிலவற்றை உரசிப் பார்க்கிறேன். முதலிடம், இரண்டாமிடம் என்றெல்லாம் எண் போடப்போவதில்லை. பேஞ்சோவையும் மூங்கில் குழலையும் ஒரே தராசில் நிறுத்த எனக்குத் தெரியாது.

“முழு ஆல்பத்தை இப்போதெல்லாம் யார் கேட்கிறார்கள்?”

கேட்கிறார்கள். ‘த க்யூர்’ என்ற ஆங்கிலேய ராக் குழு 16 ஆண்டுகள் புது ஆல்பம் எதுவும் தராமல் இருந்துவிட்டு, 2024 நவம்பர் 1 அன்று ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ ஆல்பத்தை வெளியிட்டது. எட்டே பாடல்கள். முதல் பாடலான ‘அலோன்’ தொடங்கி மூன்று நிமிடங்கள் தாண்டியும் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறப்பதில்லை. கனத்த டிரம்ஸும் கிதாரும் கீபோர்டும் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. முதல் பத்து நொடிக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுக்கும் நிபுணர்கள் இந்தப் பாடலை எப்படி எதிர்கொண்டார்களோ தெரியவில்லை. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1992-இல் வந்த ‘விஷ்’ஷுக்குப் பிறகு அந்தக் குழுவுக்கு அங்கே கிடைத்த முதல் முதலிடம் அது.

ஆல்பம் சாகவில்லை, ஊதிப்போயிருக்கிறது. இதற்குக் கணக்குப் போடும் முறையும் ஒரு காரணம். ஒரு ஆல்பம் இத்தனை லட்சம் ‘விற்றது’ என்று செய்தி வந்தால், அத்தனை பேர் கடைக்குப் போய் வாங்கினார்கள் என்று அர்த்தமில்லை. 2024-இல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியல் பின்பற்றிய விதி இது: ஆல்பத்தின் பாடல்களைச் சந்தா கட்டியவர்கள் 1,250 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 முறை. பாட்டு கூடினால் கேட்கும் எண்ணிக்கை கூடும், விற்பனையும் கூடும். டெய்லர் ஸ்விஃப்ட் ஏப்ரல் 19 அன்று ‘த டார்ச்சர்ட் போயட்ஸ் டிபார்ட்மென்ட்’ ஆல்பத்தை வெளியிட்டு, இரண்டு மணி நேரத்தில் மேலும் 15 பாடல்களைச் சேர்த்து 31 ஆக்கினார். முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் 26.1 லட்சம். அதில் சுமார் 19 லட்சம் மெய்யாகவே காசு கொடுத்து வாங்கியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அந்த அம்மாவின் ரசிகர் பட்டாளத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இருந்தாலும் அந்த 31-இல் பாதியை வெட்டியிருந்தால் என் பட்டியலில் இடம் பிடித்திருக்கும்.

“கன்ட்ரி என்பது வெள்ளைக்காரர்களின் இசை”

2024 முழுக்க அடிபட்ட பேச்சு இதுதான். மார்ச் 29 அன்று பியான்ஸேயின் ‘கவ்பாய் கார்ட்டர்’ வந்தது. 27 தடங்கள், 78 நிமிடங்கள். ஆர் அண்ட் பி பாடகிக்குக் குதிரையும் தொப்பியும் எதற்கு என்று கேட்டவர்கள் ஏராளம். வரலாற்றைப் புரட்டினால் கேள்வி அப்படியே தலைகீழாகிவிடும்.

கன்ட்ரி இசையின் அடையாளமாக எல்லோரும் நினைக்கும் பேஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்த கருவியிலிருந்து வந்தது. கன்ட்ரியின் முதல் குடும்பம் என்று போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டு சேகரிக்கப் போனபோது கூடவே சென்று மெட்டுகளை மனதில் வாங்கிவந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. மவுத் ஆர்கன் வாசித்தவர், அவரும் கறுப்பினத்தவர். இவர்கள் பெயர் பொதுப்புத்தியில் தங்காததற்கு இசைத்தட்டு வியாபாரமும் பொறுப்பு. 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநில இசையை இரண்டாகப் பிரித்து விற்றன: கறுப்பர்களுக்கு ‘ரேஸ்’, வெள்ளையர்களுக்கு ‘ஹில்பில்லி’. பாடியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டிருக்க, அட்டைப்பெட்டியில் மட்டும் பிரிவினை. 1949-இல் பில்போர்ட் அந்தப் பெயர்களை மாற்றி ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’, ‘கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்’ என்று வைத்தது. பெயர்தான் மாறியது.

பியான்ஸே இதையெல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். ‘டெக்சாஸ் ஹோல்ட் எம்’ பாடலில் பேஞ்சோ வாசிப்பவர் ரியானன் கிடன்ஸ். அந்தக் கருவியின் கறுப்பின வரலாற்றை மீட்டெடுப்பதையே தன் வேலையாகக் கொண்டவர். பீட்டில்ஸின் ‘பிளாக்பேர்ட்’ பாடலை நான்கு இளம் கறுப்பினக் கன்ட்ரி பாடகிகளோடு சேர்ந்து பாடுகிறார் பியான்ஸே. பின்னணியில் ஒலிப்பது புதிதாக வாசித்த கிதார் அல்ல, 1968-இல் பால் மெக்கார்ட்னி வாசித்த அதே பதிவு. ஹெட்ஃபோனில் கேட்டால் அவர் காலால் தாளம் தட்டும் சத்தம்கூடக் கேட்கும். அதன்மேல் ஐந்து பெண் குரல்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன.

1969-இல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணான லிண்டா மார்ட்டெலும் இந்த ஆல்பத்தில் வருகிறார். ஆல்பம் வந்தபோது அவருக்கு வயது 82. ‘ஸ்பகெட்டி’ என்ற பாடலின் தொடக்கத்தில் இசை வகைகளைப் பற்றிக் குறும்பாக ஓரிரு வார்த்தை பேசுகிறார். ஆனால் முதலில் வந்த இசைத்தட்டை ஆசை ஆசையாக வாங்கியவர்களுக்கு அந்தக் குரல் கிடைக்கவில்லை. தட்டு அச்சுக்குப் போன பிறகும் ஆல்பம் மாறிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், ‘ஸ்பகெட்டி’ உட்பட ஐந்து தடங்கள் அதில் இல்லை. இசைத்தட்டுதான் முழுமையான அனுபவம் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

கன்ட்ரி இசைச் சங்கத்தின் 2024 விருதுகளில் இந்த ஆல்பத்துக்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. அடுத்த பிப்ரவரியில் கிராமி விழாவில் சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பம் இரண்டையும் அதுவே தட்டிச் சென்றது. ஒரே ஆல்பத்தை இரண்டு நடுவர் கூட்டங்கள் இப்படி எடைபோட்டிருக்கின்றன. ஆல்பத்தின் பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது என்பது என் அபிப்பிராயம், ஆனால் 2024-ஐ விளக்க ஒரே ஒரு ஆல்பம்தான் வேண்டும் என்றால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

“செயலியில் இல்லையென்றால் யாருக்கும் தெரியாது”

அதே மார்ச் 29. பியான்ஸேயின் ஆல்பம் வந்த அதே நாளில், ‘சிண்டி லீ’ என்ற மேடைப்பெயரில் இயங்கும் கனடாவின் பேட்ரிக் ஃப்ளெகல், ‘டைமண்ட் ஜூபிலி’யை வெளியிட்டார். 32 பாடல்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஸ்பாட்டிஃபையில் வரவில்லை, ஆப்பிளில் வரவில்லை. யூடியூபில் ஒரே நீள வீடியோவாகப் போட்டார். இன்னொரு பக்கம், 1990-களின் ஜியோசிட்டீஸ் பாணியில் கண்ணைப் பறிக்கும் ஒரு இணையப் பக்கத்தில் கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம், முடிந்த தொகையைக் கொடுங்கள் என்று வைத்தார். விளம்பரம், பேட்டி எதுவும் இல்லை.

பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இசைப் பத்திரிகை பத்துக்கு 9.1 போட்டது. அந்தப் பத்திரிகையை ஜனவரியில்தான் இன்னொரு பத்திரிகைக்குள் கரைத்திருந்தார்கள். ஏப்ரலில் அதே பத்திரிகையின் ஒரு விமர்சனம் முகவரியில்லாத ஆல்பத்தை உலகறியச் செய்தது. 1960-களின் பெண்குழுப் பாடல்கள் பழைய ரேடியோவில் இரைச்சலோடு வருவதைப்போல ஒலிக்கும் ஆல்பம் அது. நடுநடுவே கிதார் மட்டும் தெள்ளத்தெளிவாக மேலே வந்துவிடும். நடுராத்திரிக்கு ஏற்றது.

செயலியில் இருப்பதும் ஒன்றும் கொடுப்பினை அல்ல. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் பாடல்கள் புதிதாக ஏறுகின்றன. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை கிடையாது.

“ஆண்டின் ஆல்பம் என்றால் அந்த ஆண்டில் வந்த ஆல்பம்”

விருதுக் கணக்கில் ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. 2025 பிப்ரவரியில் நடந்த கிராமிக்குத் தகுதிக் காலம் 2023 செப்டம்பர் 16 முதல் 2024 ஆகஸ்ட் 30 வரை. அதனால்தான் 2023 நவம்பரில் வந்த, ராப்பர் ஆந்த்ரே 3000 ஒரு வரிகூட ராப் செய்யாமல் புல்லாங்குழல் மட்டும் வாசித்த ‘நியூ ப்ளூ சன்’ அந்தப் போட்டியில் இருந்தது. 2024 நவம்பர் 22 அன்று முன்னறிவிப்பில்லாமல் வந்த கென்ட்ரிக் லமாரின் ‘ஜிஎன்எக்ஸ்’ இல்லை. பத்திரிகைகளின் தவறு வேறு விதம்: டிசம்பர் முதல் வாரத்திலேயே கடையைக் கட்டிவிடுவார்கள். 2013 டிசம்பர் 13 அன்று பியான்ஸே திடீரென்று ஒரு ஆல்பத்தை இறக்கியபோது பல பட்டியல்கள் அச்சேறிவிட்டிருந்தன. அந்தப் பத்தாண்டின் மிக முக்கியமான ஆல்பங்களில் ஒன்று, அந்த ஆண்டின் பல பட்டியல்களில் இல்லாமலே போனது.

“அதெல்லாம் வேர்ல்ட் மியூசிக்”

1987-இல் லண்டனில் ஒரு மதுக்கூடத்தின் மாடியில் சில சிறு இசை நிறுவனத்தார் கூடிப் பேசி வைத்த பெயர் இது. ஆப்பிரிக்க, ஆசிய இசைத்தட்டுகளைக் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல் தவித்ததற்குத் தீர்வு. அலமாரிப் பெயர் காலப்போக்கில் இசைவகை ஆகிவிட்டது. கிராமி 2020-இல் அதை ‘குளோபல்’ என்று மாற்றியது.

நைஜர் நாட்டின் துவாரெக் கிதார் கலைஞர் ம்டூ மொக்தாரின் ‘ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்’ மே மாதம் வந்தது. சிறுவயதில் சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டிக் கிதார் செய்துகொண்டவர். சகாரா வட்டாரத்தில் இவர் பாட்டு முதலில் பரவியது செல்பேசியிலிருந்து செல்பேசிக்கு. பிரான்சையும் ஆப்பிரிக்கத் தலைவர்களையும் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் இந்த ஆல்பத்தைவிட வேகமான, சத்தமான ராக் ஆல்பம் அந்த ஆண்டில் என் காதில் விழவில்லை. இதை அந்த அலமாரிக்குள் தள்ளினால் ராக் ரசிகருக்குத்தான் நஷ்டம்.

நம்மவர்களுக்கும் இதே கதிதான். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் ‘ஃப்யூஷன்’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த விஜய் ஐயரின் ‘கம்பேஷன்’, பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றே கருவிகளில் வாசித்த அசல் ஜாஸ். அதில் ஸ்டீவி வொண்டர் பாட்டும் உண்டு. லண்டனின் ஜாஸ் கலைஞர் ஷபாகா சாக்ஸபோனை ஓரங்கட்டிவிட்டு ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சியைக் கையிலெடுத்தார். ஜான் கோல்ட்ரேன் 1964-இல் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவுசெய்த நியூ ஜெர்சியின் வான் கெல்டர் ஸ்டுடியோவில் ஒரு ஆல்பம் செய்தார். அதே ஷபாகாவின் நிறுவனம் மார்ச்சில் வெளியிட்டது, தமிழ்நாட்டில் வளர்ந்த கானவ்யா துரைசாமியின் ஆல்பத்தை. நவம்பரில் அவருடைய ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ வந்தது. ஹரிகதையும் பஜனையும் கேட்டு வளர்ந்த குரல் கோல்ட்ரேனை ஜபம்போல உருவேற்றுகிறது. ஹூஸ்டனில் ஒரு அரங்கில் 30-க்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டிவைத்துச் செய்த பதிவு, விஜய் ஐயரும் ஷபாகாவும் அதில் உண்டு. இது கர்நாடக இசையா, ஜாஸா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. கிராமிக்காரர்கள் எப்படியும் ஒரு பெட்டி கண்டுபிடித்துவிடுவார்கள். சென்னையில் பிறந்த சந்திரிகா டாண்டனின் வேத மந்திர ஆல்பமான ‘திரிவேணி’க்கு ‘நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட்’ என்ற பிரிவில் விருது கொடுத்தார்களே.

“செயலி காட்டும் ஆண்டுக் கணக்குதான் என் ரசனை”

30 நொடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. குழந்தையைத் தூங்கவைக்க ஓடவிட்டதும் அதில் சேரும், ஒரே மூச்சில் உறைந்துபோய்க் கேட்டதும் அதில் சேரும். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் என் செயலிக் கணக்கில் முதல் வரிசையிலேயே இல்லை, அடிக்கடி கேட்கக்கூடிய சமாச்சாரம் அல்ல அது.

போர்ட்டிஸ்ஹெட் குழுவின் பாடகி பெத் கிப்பன்ஸ், தன் 59-ஆவது வயதில் தனிப்பெயரில் வெளியிட்ட ‘லைவ்ஸ் அவுட்குரோன்’. மே 17 அன்று வந்தது. இளசுகளின் நாயகி பில்லி ஐலிஷின் ஆல்பமும் அதே நாளில் வந்ததால் பலர் கண்ணில் இது படவில்லை. பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு செய்த பத்துப் பாடல்கள். மாதவிடாய் நிற்கும் பருவம், நெருங்கியவர்களின் சாவு, இனி திரும்பாத உடம்பு என்று பாப் இசை வழக்கமாகத் தொடாத விஷயங்கள். தாளக் கருவிகளைக் கவனியுங்கள். டிரம்ஸ் வாசித்த லீ ஹாரிஸ் சமையல் பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா, மர டிராயர் என்று வீட்டுச் சாமான்களைத் தட்டியிருக்கிறார். அடிவயிற்றில் அதிர்கிற அந்தக் கட்டைச் சத்தம், ஜன்னல் திரைகளைத் திணித்துவைத்த ஒரு பெட்டியிலிருந்து வருகிறது.

இங்கே சொன்னவற்றில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள். ஷஃபிள் பொத்தானை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை, வரிசை மாற்றாமல்.