ஐந்து அப்பமும் இரண்டு மீனும்

தம்பி தங்கையரின் பிறந்தநாள் விருந்துக்கு, அவர்கள் அறிந்த கதையொன்றையே இனிப்பாகச் செய்யலாம். யோவான் நற்செய்தியில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்தவன் ஒரு சிறுவனல்லவா?

மீனுக்கும் கடலுக்கும் சைனா கிராஸே ஏற்றது. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படுவது. சைவத் தோழியர் உண்ணமாட்டார்கள். நம் கோடை வெயிலில் இளகியும் விடும். சைனா கிராஸோ கடற்பாசியில் கிடைப்பது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசி இதற்குரிய ஒரு வகை. சுமார் 40 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே உறையும். மீண்டும் உருக ஏறக்குறைய 85 டிகிரி வேண்டும். ஆகவே குளிர்பெட்டி இல்லாத வீட்டிலும் செய்யலாம்.

5 கிராம் சைனா கிராஸை ஒரு கோப்பை நீரில் ஊறவைத்து, முற்றிலும் கரையும்வரை காய்ச்சவும். சர்க்கரையும் ஒரு கோப்பைச் சூடான பாலும் சேர்த்து, தட்டில் விரல் கனத்துக்கு ஊற்றவும். உறைந்ததும் இரண்டு மீன்களாக வெட்டவும். கண்ணுக்கு மிளகு வேண்டாம், குழந்தை கடித்துவிடும், உலர்திராட்சை போதும்.

கடலுக்கு, இன்னொரு 5 கிராமை இரண்டரைக் கோப்பை நீரில் சர்க்கரையுடன் கரைத்து, சங்குப்பூ இதழ்களைப் போட்டு வடிகட்டினால் நல்ல நீலம் கிடைக்கும். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும். மீன்களைக் கிண்ணத்தில் கிடத்தி, கை பொறுக்கும் சூட்டில் இந்நீரை ஊற்றவும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மீன் கரையும். ஆறவிட்டால் பாத்திரத்திலேயே உறையும்.

அப்பங்களுக்கு ஐந்து ரவா லட்டு. விருந்தினர் கூடினால் லட்டைக் கூட்டிக்கொள்ளலாம். கதையிலும் அப்பம் மிஞ்சியதே!