தீபாவளிக்கு ரயிலேறும் திருப்பூர் வீரபாண்டிக்காரர்களுக்கு

போனஸ் கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிகள் எல்லாம் ஒரே சமயத்தில் லீவு விடும். பல்லடம் ரோடு நகராது. ஸ்டேஷனுக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கிக் கிளம்புங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும்; போனஸ் தேதி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தட்கல் முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. தட்கலை ஆன்லைனில் எடுக்க, கணக்கை ஆதாரோடு சரிபார்த்திருக்க வேண்டும். இது 2025 ஜூலை முதல் கட்டாயம். சார்ட் வந்த பிறகும் வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருக்கும் ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அதைக் காட்டி ரிசர்வேஷன் பெட்டியில் ஏற முடியாது.

முன்பதிவு இல்லையா? நாகர்கோவில் ரயில் புறப்படுவது கோவையில். மதுரை, நெல்லைப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸில் கோவைக்கே போய், அங்கே டிக்கெட் எடுத்து ஏறுவதுதான் என் கணக்கில் சரி. ஜார்க்கண்ட் போகும் தன்பாத் ரயில் ஆலப்புழையிலிருந்து கூட்டத்தோடு வருவதால் அதற்கு இந்த வழி உதவாது. உங்களோடு தையல் மெஷினில் உட்காரும் வடமாநிலத்தவருக்கு அறிவிப்புப் பலகை புரியாவிட்டால் கூட நின்று சொல்லுங்கள்.

திருப்பூரில் ரயில் சில நிமிடமே நிற்கும். முதலில் ஒரு பெரியவர் ஏறட்டும், அடுத்து குழந்தைகள், கடைசியில் மூட்டை. குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். படிக்கட்டில் தொங்கிப் போக வேண்டாம். அடுத்த ரயிலில் போகலாம். ரயிலில் எந்த உதவிக்கும் 139. குழந்தை காணாமல் போனால் 1098.